அமராவதிக் குடம்

"மூணு பேருங்க சாமி. மூணு திக்குல. மூணும் ஒரே நேரத்துல எப்படிங்க நிக்கும்?"

தமயந்தி அம்மாள் வந்ததும் வராததுமாகக் கேட்டார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலிலும் ஒன்று படியிலும் கிடந்தது.

சாமி அழுதுகொண்டிருந்தார். சின்ன வெங்காயம் உரித்தால் யாராயிருந்தாலும் அழத்தான் வேண்டும்.

"உக்காருங்க அக்கா," என்றார்.

நொய்யல் கரையில் அந்த மடம் சின்னது. ஒரு பிள்ளையார், ஒரு சமையற்கட்டு, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். சாமி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அம்மாளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். குருவே சிஷ்யையை அக்கா என்று கூப்பிடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை. சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்.

அம்மாளுக்குக் கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனி. சோலார் பம்புசெட்டுக்குள் போகிற மோட்டார். அதற்கு உயிர், காந்தம். விரல் நீளம்தான் இருக்கும். அது வராவிட்டால் மோட்டார் வெறும் இரும்பு.

"எந்த மூணு பேரு?" என்றார் சாமி.

"காந்தம் தர்றவங்க. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் ஜெர்மனி. ஒருத்தர் கைவிட்டா இன்னொருத்தர் கைகுடுப்பாருன்னுதானுங்க மூணு பேரை வெச்சேன். அங்க எங்கியோ ரெண்டு நாட்டுக்காரங்க முறைச்சுக்கிட்டாங்களாம். ஒருத்தன் சரக்கை வெளிய விடமாட்டேங்கறான். இன்னொருத்தன் கடலையே அடைச்சுட்டான். சரிங்க, அதுல ஒருத்தர் நிப்பாரு. மூணு பேருமா?"

சாமி ஒரு வெங்காயத்தை உரித்துத் தட்டில் போட்டார்.

"இருக்கற காந்தம் இந்த மாசத்தோட முடியுதுங்க. அப்புறம் கேட்டைச் சாத்தோணும். எங்க வீட்டுக்காரரு போன அன்னிக்குக்கூட நான் கேட்டைச் சாத்தலீங்க. காரியத்துக்கு வந்த கம்பெனிப் பொண்ணுககிட்ட, இந்தக் கேட்டு ஒரு நாளும் சாத்தாது கண்ணுகளா, அழுகாதீங்கன்னு என் வாயால சொன்னேன். அத நம்பித்தான் எல்லாரும் இருக்காங்க."



சாமி வெங்காயத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

அம்மாள் உரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வந்தது. ஏன் என்று கேட்க அங்கே யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

தட்டு பாதி நிறைந்ததும் சாமி சொன்னார்: "பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் வருது அக்கா. அஞ்சு ஆத்துத் தண்ணி வேணும். காவிரி, பவானி, அமராவதி, வைகை, தாமிரபரணி. நீங்கதான் கொண்டாந்து தரணும்."

"நான் காந்தத்தைக் கேட்டேனுங்க."

"நான் தண்ணியக் கேக்குதேன்."

*

அம்மாளுக்கு இது ஒரு வேலையே அல்ல. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எதையும் வரவழைத்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர். ஐந்து பித்தளைக் குடம் வாங்கினார். மஞ்சள் துணி வாங்கினார். கம்பெனி ஆட்கள் ஐந்து பேருக்கு ஐந்து வண்டி கொடுத்தார். வாட்ஸப்பில் 'தீர்த்தம்' என்று ஒரு குழுவும் தொடங்கினார்.

அவருடைய கம்பெனி வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. 'இல்லை என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பலகையிலேயே இரண்டு இல்லை இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அது அவர் அம்மா வீட்டுப் பழக்கம். உப்பு தீர்ந்தால் இல்லை என்று சொல்லக் கூடாது, நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்றால் லட்சுமி கோபித்துக்கொண்டு போய்விடுவாளாம். நம் வீடுகளில் எல்லாம் இருந்த பழக்கம்தான். உப்பு ஜாடிக்கு அது போதும். அம்மாள் அதைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

குழுவில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. மஞ்சள் துணி கட்டிய குடம். மாலை போட்ட குடம். மடியில் வைத்த குடம். ஐந்து குடமும் பளிச்சென்று தெரிந்தன. ஆறுதான் ஒன்றிலும் தெரியவில்லை.

அம்மாள் எல்லாப் படத்துக்கும் கட்டைவிரல் போட்டார்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஐந்து குடமும் மடத்துக்கு வந்து சேர்ந்தன.

"பாத்தீங்களா சாமி?" என்றார் அம்மாள். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது.

சாமி, தாமிரபரணி என்று எழுதியிருந்த குடத்தின் துணியை அவிழ்த்தார். ஒரு கை மோந்து வாயில் விட்டார். கொஞ்ச நேரம் விழுங்காமல் வைத்திருந்தார்.

"நல்ல தண்ணி," என்றார். "புள்ளைங்க பசியோட வந்திருக்காங்க. நீங்க சாம்பாரைப் பாருங்க அக்கா. நான் இலை போடுதேன்."

*

சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு தென்னந்தட்டிதான் மறைப்பு. அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். இது சாமிக்குத் தெரியாதா என்ன.

ஐந்து பேரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். பருப்பும் நெய்யும் ஆகிவிட்டது. சாமி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தாமிரபரணிக்குப் போனது யாரு?"

"நானுங்க," என்றான் டிரைவர் பூபதி.

"எங்க மோந்தீங்க? பாபநாசமா, குறுக்குத்துறையா?"

பூபதி சோற்றைப் பிசைந்தான். பிசைந்ததையே திரும்பப் பிசைந்தான்.

"அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த நாக்கு இது, தம்பி. கோவிக்க மாட்டேன். சும்மா சொல்லுங்க."

"வண்டி திண்டுக்கல் தாண்டி நின்னுபோச்சுங்க சாமி. கிளட்ச் போயிருச்சு. அதச் சரிபண்ணி அங்க போயித் திரும்புனா, சொன்ன நேரத்துக்கு வந்து சேர முடியாதுங்க."

"அப்புறம்?"

"பவானி கூடுதுறையில மோந்துட்டு வந்துட்டனுங்க."

வைகைக்குப் போனவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "நானும் அங்கதானுங்க," என்றார். "மதுரையில ஆறு காஞ்சு கெடக்குதுன்னு சொன்னாங்க. பாதியிலயே திரும்பிட்டேன்."

காவிரிக்கும் பவானிக்கும் போனவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டும் கலக்கிற இடமே கூடுதுறைதான். அவர்கள் நியாயமாக அங்கே இருந்தவர்கள்.

"அமராவதி?"

ஓரத்து இலையில் சென்னியப்பன் இருந்தார். கம்பெனி ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறவர். அம்மாளைவிட மூத்தவர்.

"தாராபுரத்துல வெறும் மணலுங்க சாமி. ஆத்துக்குள்ள மாடு படுத்திருக்குது. என்ன பண்றதுன்னு பூபதிக்குப் போன் பண்ணேன். கூடுதுறைக்கு வந்துருங்கண்ணான்னு சொன்னான். எல்லாம் கடைசியில கடலுக்குத்தானுங்களே போகுது."

ஐந்து பேரும் ஒரே படியில் நின்று, ஒருவர் குடத்தை ஒருவர் தூக்கிவிட்டு, டீயும் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

"அஞ்சு பேருக்கும் தெரியும்," என்றார் சாமி. "அக்காவுக்கு மட்டும் ஏன் சொல்லல?"

ஐந்து கையும் சோற்றைப் பிசைந்தன.

"திட்டுவாங்களா?"

"ஐயோ, அம்மா திட்ட மாட்டாங்க," என்றார் சென்னியப்பன் அவசரமாக. "திட்டுனாத் தேவலைங்களே. முன்ன ஒருக்கா செம்புக் கம்பி வரலீங்க. இல்லீங்கம்மான்னு போயி நின்னேன். சரின்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசறதையே நிறுத்திட்டாங்க. நான் பக்கத்துலயே நிப்பனுங்க, எனக்குச் சொல்ல வேண்டியத பூபதியக் கூப்புட்டுச் சொல்லுவாங்க. தீவாளிக்கு இனிப்புக் குடுக்கறப்பத்தான் மறுக்கா என் மூஞ்சியப் பாத்தாங்க."

அவர் தண்ணீர் குடித்தார்.

"அம்மா மேல எனக்கு ரொம்பப் பிரியமுங்க சாமி. அதனாலதான் சொல்ல வாய் வரமாட்டேங்குது."

தட்டிக்குப் பின்னால் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

அம்மாள் சாம்பார் வாளியோடு வெளியே வந்தார். ஐந்து பேரும் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்கள்.

அவருக்கு அந்தச் செம்புக் கம்பி நினைவிலேயே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் அவரை அடித்துப்போட்டது.

"சாம்பார் ஆறுது அக்கா," என்றார் சாமி.

"உக்காருங்க," என்றார் அம்மாள்.

வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். சென்னியப்பன் இலைக்கு வந்ததும் நிறுத்த மறந்து ஊற்ற, சாம்பார் இலையைத் தாண்டித் தரைக்கு ஓடியது.

"பரவால்லீங்கம்மா, போதுமுங்க," என்றார் சென்னியப்பன்.

எல்லாரும் கை கழுவிப் போன பிறகு அம்மாள் வெங்காயத் தட்டைத் தேடினார். காலியாக இருந்தது.

"வெங்காயம் தீந்துபோச்சு அக்கா," என்றார் சாமி. "சும்மாவே அழுங்க."

*

அழுது முடித்ததும் அம்மாள் வேப்பமரத்தடிக்குப் போய் போனை எடுத்தார்.

சென்னைக்காரரைக் கூப்பிட்டார்.

"வணக்கம் மேடம். வந்துடும் மேடம். அடுத்த கப்பல்ல கண்டிப்பா..."

"எப்ப வரும்னு நான் கேக்கலீங்க. உங்களுக்கு எங்கிருந்து வருதுன்னு சொல்லுங்க."

சென்னைக்காரர் எழுந்துபோய் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உங்களைத் தாண்டி நான் அவங்ககிட்டப் போக மாட்டேனுங்க. தெரிஞ்சுக்கலாம்னுதான்."

சென்னைக்காரர் ஒரு தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார். சரக்கை வெளியே விடாத அந்த நாட்டில் ஒரு மலை. மலைக்கு அடியில் ஒரு தொழிற்சாலை.

சிங்கப்பூர்க்காரரும் அதே பெயரைச் சொன்னார். ஜெர்மனிக்காரர் கொஞ்சம் சுற்றி வளைத்து அதே பெயருக்கு வந்து சேர்ந்தார். பெட்டி மட்டும்தான் அவருடையதாம்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தராவது சொல்லியிருக்கலாமேங்க?" என்று சிங்கப்பூர்க்காரரைக் கேட்டார்.

அவர் நம்ம ஊர்ப்பக்கத்திலிருந்து போனவர்தான். பெரிதாக மூச்சு விட்டார்.

"நீங்க எப்பக் கூப்பிட்டாலும் விலை என்ன, தேதி என்னன்னுதான் கேப்பீங்க மேடம். இன்னிக்குத்தான் வேற ஒண்ணு கேட்டிருக்கீங்க. சொன்னதும் எனக்கே கொஞ்சம் லேசா இருக்கு."

அம்மாள் திரும்பி வந்தார்.

"மூணும் ஒரே தண்ணிங்க சாமி."

சாமி தலையாட்டினார்.

"இப்ப நான் என்ன பண்றதுங்க?"

"பேரு மாத்தி வந்த அந்த மூணு குடத்தையும் மரத்துக்கு ஊத்துங்க. ஊத்திட்டு, அவங்களையே திரும்ப அனுப்புங்க."

"அமராவதியில மணலுங்களே."

"அனுப்புங்க."

"வெறுங்குடம் வந்துச்சுன்னா?"

"வரட்டுமே."

"கும்பாபிஷேகத்துக்கு வெறுங்குடம் வரலாமுங்களா? அபசகுனமுங்க சாமி."

சாமி சிரித்தார்.

"இன்னிக்கு நெறகுடமால்லா வந்துச்சு? அது என்ன சகுனம் அக்கா?"

*

மறுநாள் காலை, வேலைக்கு வருகிறவர்கள் உள்ளே போகாதபடி அம்மாள் கேட்டருகே நின்றார். எல்லாரும் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார். பிறகு சொன்னார்.

"காந்தம் இல்லை."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு ஆட்கள் திடுக்கிட்டார்கள். சிலர் தலைநிமிர்ந்து பலகையைப் பார்த்தார்கள்.

"வருமான்னும் தெரியல. எனக்கு வழி தெரியல. கேட்டைச் சாத்தமாட்டேன்னு உங்ககிட்டச் சொன்னேன். எப்படின்னு இன்னிக்கு எனக்குத் தெரியல."



பிறகு டிசைன் பிரிவு இன்பநாதன் முன்னால் வந்தான். படித்த பையன். கம்பெனியில் எல்லாரும் அவனை வாயில்லாப் பூச்சி என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"நம்மூர்லயே செய்யற சாதாக் காந்தத்துல ஒரு மோட்டார் வரைஞ்சு வெச்சிருக்கனுங்கம்மா. நல்லா ஓடும். ஆனாக் கனம் ஜாஸ்தி. சைஸும் பெருசு."

"எப்ப வரைஞ்சே கண்ணு?"

"போன வருசமுங்க. காட்டலாம்னு ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். இதுக்கு மேல சின்னதா வராதுன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. அதான் திரும்பிப் போயிட்டனுங்க."

அதன் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். பேரிங் ஒரே ஒரு கடையை நம்பி ஓடுகிறது என்று ஒருவர் சொன்னார். வார்னிஷ் தருகிற ஆளுக்கு உடம்பு சரியில்லை, பையனுக்குத் தொழில் தெரியாது என்று இன்னொருவர். தகடு வெட்டுகிற டை ஒன்று தேய்ந்து, சீக்கிரம் உடையப்போகிறது. இத்தனை நாளும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகள்தான். அம்மாள் மதில்மேல் சாய்ந்து நின்று ஒவ்வொன்றையும் கேட்டார். யார் முகத்திலிருந்தும் பார்வையை எடுக்கவில்லை. அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மோட்டார் வாங்குகிறவருக்கு அவரே போன் செய்தார்.

"நீங்க கேட்ட மோட்டார் இல்லீங்க. கனமா ஒண்ணு இருக்குது."

வாங்குகிறவர் சலித்துக்கொண்டார். பிறகு, இப்பவே சொன்னீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம் என்றார். ஆர்டரில் பாதியைக் கனமான மோட்டாராகவே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

பாதி ஆர்டருக்குப் பாதி வேலை. யாரை நிறுத்துவது என்று அம்மாள் தவித்தபோது, யாரையும் நிறுத்த வேண்டாம், முறை வைத்து வருகிறோம் என்று கம்பி சுற்றுகிற வைண்டிங் பெண்கள் தாங்களே பேசி முடித்துவிட்டார்கள்.

கேட்டுக்கு இரண்டு கதவு. அந்த மாதம் முடிந்தபோது ஒன்று சாத்தியிருந்தது. ஒன்று திறந்திருந்தது.

பச்சைப் பலகையை அதற்குள் கழற்றியாகிவிட்டது.

*

கும்பாபிஷேகத்தன்று காலையில் பூபதி தாமிரபரணியோடு வந்தான். சாமி ஒரு கை மோந்து குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு கை குடித்தார்.

வைகையிலிருந்து கால் குடம் வந்தது. ஆற்றில் ஊற்றுத் தோண்டி மொண்டதாம்.

அமராவதியைக் காணவில்லை.

நேரம் நெருங்கியது. அம்மாள் வாசலுக்கும் பிள்ளையாருக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கடைசியில் சென்னியப்பன் வந்தார். குடத்தில் மஞ்சள் துணி ஒழுங்காகக் கட்டியிருந்தது. வேட்டியெல்லாம் மணல். விரல் நகங்கள் சிதைந்திருந்தன. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அம்மா."

வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

அம்மாள் காத்திருந்தார்.

"ரெண்டு எடத்துல தோண்டிப் பாத்தனுங்க. இடுப்பு ஆழத்துக்கு."

"சொல்லுங்கண்ணா."

"இல்லீங்கம்மா."

கூட்டம் எட்டிப் பார்த்தது. வெறுங்குடமா, சிவ சிவா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அம்மாள் போய் அந்தக் குடத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நிறைகுடத்தை வாங்குகிற மாதிரியே இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தார். மற்ற நான்கோடு வரிசையில் வைத்து, பூச்சுற்றி, நூல் கட்டினார்.

சாமி ஒவ்வொரு குடமாக எடுத்துப் பிள்ளையார் தலையில் ஊற்றினார். காவிரி. பவானி. தாமிரபரணி. வைகை.

ஐந்தாவதையும் எடுத்தார். மற்றவற்றைத் தூக்கிய அதே உயரத்துக்குத் தூக்கி, அதே மாதிரி மெல்லச் சரித்தார்.

கொஞ்சம் மணல் விழுந்தது. பிள்ளையாரின் ஈரக் காதில் ஒட்டிக்கொண்டது.

சாமி அதைத் துடைக்கவில்லை.

அம்மாள் திரும்பி சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களாண்ணா?"

"இல்லீங்கம்மா," என்றார் சென்னியப்பன், சட்டென்று.